பல் அக்காவும் மேஸ்திரியும்

யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்ன சார், இப்ப ஒழுங்கா சிரிப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் பல் அக்கா. பற்களின் சொந்தக்காரர் ஊரில் வேறெங்கோ ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பதிலாகப் பரிசீலிப்பது மேஸ்திரி. ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் முன்னங்கால்களை ஊன்றி, ஒரு காதை நிமிர்த்தி ஒரு காதை மடித்து, தலையைச் சாய்த்துப் பற்களை மேற்பார்வை பார்த்துவிட்டு ஒரே ஒரு தடவை குரைக்கும். "மேஸ்திரி சரின்னுட்டாரு" என்று அக்கா பற்களைத் தட்டில் வைப்பார். தட்டு நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பது அக்காவின் நம்பிக்கை. மேஸ்திரிக்கு அப்படி ஒரு நம்பிக்கை இல்லை.

பொய்ப்பல் செய்வது அக்காவின் தொழில். மாடிவீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க மாவுச்சாந்தில் வார்த்த தாடைகள், ஏதோ ஒரு வதந்தியைக் கேட்டு மொத்தமாக வாயைப் பிளந்ததுபோல் அடுக்கியிருக்கும். ஈறு நிறத்தில் மெழுகு, அதை உருக்க ஒரு சின்ன அடுப்பு, பெரிதும் சிறிதுமாக அரங்கள், மெருகேற்ற ஒரு மோட்டார். "ஆளை மறந்துடுவேன், பல்லை மறக்க மாட்டேன்" என்பார். அது பெருமையல்ல, நோய். தெருவில் யாருடைய முகத்தையும் அவர் பார்த்து நான் கண்டதில்லை, வாயைத்தான் பார்ப்பார். எதிர்க்கடைக்காரர் அவருக்கு 'முன்வரிசை தூக்கல்'. தபால்காரர் 'கீழ்த்தாடை குறுகல்'. கீழ்வீட்டில் குடியிருக்கும் நான் 'நெருக்கடி'. பத்திரிகைக்கு எழுதுகிற ஆள் என்று என்னை யாருக்காவது அறிமுகம் செய்ய நேர்ந்தாலும், முதலில் என் கீழ்வரிசையின் நெருக்கடியை விவரித்துவிட்டுத்தான் எழுத்துக்கு வருவார். அதற்குள் கேட்பவருக்கு எழுத்தில் ஆர்வம் போயிருக்கும்.

அவர் செய்யும் எந்த செட்டிலும் ஒரு பல் துளி திரும்பியிருக்கும். வேண்டுமென்றே செய்வது. "எல்லாம் நேரா நின்னா, கூட்டிட்டு வந்து நிறுத்தினதுன்னு தெரிஞ்சுரும் தம்பி. ஒருத்தனாவது வேற எங்கயோ பாக்கணும், கல்யாண போட்டோ மாதிரி."

மேஸ்திரி பண்ணை நாய். முழங்கால் உயரம், வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் யாரோ குத்துவிட்டதுபோல் பழுப்புத் திட்டு. எலி பிடிக்கவும், வாத்துகளை ஓட்டி அடைக்கவும், வருகிறவனைப் பற்றித் தகவல் சொல்லவும், மிச்ச நேரத்தில் வண்டியின் மேல் ஏறிச் சவாரி போகவும் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம். 'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று முதலில் சொன்னவர் இந்த இனத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பழமொழியின் முதல் பாதியை மேஸ்திரி ஒப்புக்கொள்ளாது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பதும் அதற்குப் பொருந்தாது. நிமிர்த்துவதற்கு வால் என்று பிறவியிலேயே அரைவிரல்தான் இருக்கிறது.

அடுக்குமாடியில் எலி இல்லை, வாத்து இல்லை, வண்டி இல்லை. எனவே மேஸ்திரி இருப்பதை வைத்துச் சமாளித்தது. மெருகேற்றும் மோட்டாருக்குள் எலி ஒன்று குடியிருக்கிறது என்பது அதன் தீர்மானம். மோட்டார் ஓடும்போதெல்லாம் எதிரில் வயிற்றைத் தரையோடு ஒட்டிக் காவலிருக்கும். சோபாவுக்குள்ளும் ஒன்று இருப்பதாகச் சந்தேகப்பட்டு, நாலைந்து நாளில் சோபாவைத் தீர விசாரித்தது. அதிலிருந்து அக்காவின் வீட்டில் சோபா இல்லை. வாத்துகளின் இடத்தைக் குடித்தனக்காரர்கள் நிரப்பினார்கள். மாடிப்படியில் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் அவர்களைச் சுவரோரமாக ஒதுக்கி, குதிகால் பக்கம் மூக்கால் குத்தி, நெருக்கமாக நிற்கவைத்த பிறகே விடும். நாயைப் பற்றிப் புகார் பேசக் கூடிய குடியிருப்போர் கூட்டத்துக்கும் அது எப்படியோ வந்துவிட்டது. தலைவர், செயலாளர், எதிரணி என்று எல்லாரையும் ஒரு மூலையில் ஒன்றாகச் சேர்த்து முன்னால் உட்கார்ந்துகொண்டது. "நம்ம சங்கம் ஒத்துமையா நின்னது அன்னைக்கு ஒரு நாள்தான்" என்று அக்கா இன்றும் சொல்வார்.

இதையெல்லாம் நான் என் வீட்டுக் கூரை வழியாகப் படித்துத் தேர்ந்தவன். நகங்கள் சரசரவென்று போனால் தபால்காரர். ஒரே இடத்தில் தடதடவென்றால் மோட்டார். எதுவுமே கேட்கவில்லை என்றால், எதையோ தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

நாயை வாங்கியது அக்கா அல்ல, அவருடைய கணவர். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்குச் சர்க்கரை ஏறியது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். தனியாக நடக்க வெட்கமாக இருக்கிறது என்று சொல்லி, தெரிந்தவரின் பண்ணையிலிருந்து குட்டியைக் கொண்டுவந்தார். பூங்காவில் நடந்தார். அங்கே பஞ்சுமிட்டாய்போல் ஒரு நாயை வைத்துக்கொண்டு ஓர் அம்மாளும் நடந்தார். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். நடை பழகப் போனவர் ஒருநாள் நடையைக் கட்டிவிட்டார். மேஸ்திரி அந்தப் பஞ்சுமிட்டாயையும் வாத்து வகையில் சேர்த்து அடிக்கடி புதருக்குள் ஓட்டி அடைத்ததால், மேஸ்திரியை மட்டும் அழைத்துப்போக அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை.

"டாக்டரு நடக்கச் சொன்னாரு. இவரு நடந்தே போயிட்டாரு. போறப்ப சீதனமா இதை விட்டுட்டுப் போயிட்டாரு" என்று அக்கா வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அவர்கள் வாயில் அப்போது அக்காவின் விரல் இருக்கும் என்பதால் யாரும் ஆறுதல் சொல்ல முடியாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

வாழ்நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து பழகிய அக்காவை நாய் தெருவுக்கு இறக்கியது. அவர் நடப்பதில்லை, இழுபடுவார். மழையிலும் இழுபடுவார், காய்ச்சலிலும் இழுபடுவார். கையில் கயிறு, வாயில் வசவு. கழிசடை, தரித்திரம், யாராவது கேட்டா இப்பவே குடுத்துருவேன் என்று தெருமுனைவரை ஒலிபரப்பு நடக்கும். பூங்கா வாசலைக் கடந்து போவார், உள்ளே மட்டும் கால் வைக்க மாட்டார். சமீபமாகத்தான் மேஸ்திரி அந்த வாசலருகே வந்தால் நாலு காலையும் ஊன்றி உள்ளே இழுக்க ஆரம்பித்திருந்தது. அக்கா எதிர்ப்பக்கம் இழுப்பார். கடைசியில் எடை அதிகமானவர் ஜெயிப்பார்.

ஏலக்காரர் பல் வாங்க வந்த நாளில் அந்தக் கணக்கு மாறியது.

பல் போனால் சொல் போச்சு என்பது ஏலக்காரருக்கு வெறும் பழமொழியல்ல. பழைய செட் உடைந்ததிலிருந்து அவர் வாயில் 'ஒரு தரம்' என்பது 'ஒரு அரம்' ஆகிவிட்டது. மேசை நாற்காலியை ஏலம் விடுகிறாரா, அரம் விற்கிறாரா என்று ஜனம் குழம்பிக் கலைந்துபோனதாம். மறுநாள் பெரிய வீடு ஒன்றின் சாமான்கள் ஏலம். புதுப்பல்லுக்காக ஸ்டூலில் உட்கார்ந்து, பறவைக்குஞ்சுபோல் வாயைத் திறந்து வைத்திருந்தார். கத்தரிக்கோலை இரவல் வாங்கிக்கொண்டு நான் வாசலில் நின்றிருந்தேன். அக்கா கண்ணாடியைத் துடைக்கத் திரும்பினார். ஸ்டூல், ஏலக்காரரின் மடி, மேசை, தட்டு என்று மேஸ்திரி படிப்படியாக முன்னேறியதை நான் பார்த்தேன், சொல்வதற்குள் முடிந்துவிட்டது.

வாசலில் அது ஒரு கணம் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. நாய் முகத்தில் மனிதச் சிரிப்பு. ஏலக்காரருக்கு அளவெடுத்துச் செய்தது, நாய்க்கும் பிசகாமல் பொருந்தியிருந்தது.

முன்னால் நாய். அதன் பின்னால் மெழுகுக் கறை படிந்த ஏப்ரனோடு அக்கா. அவர் பின்னால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஏலக்காரர். கடைசியில் கத்தரிக்கோலோடு நான். தெருவில் எல்லாரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது என்னைப் பார்த்துத்தான். பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண் ஒருத்தி நாயைப் பார்த்துப் பதிலுக்குச் சிரித்தேவிட்டாள்.

நாய் பூங்காவுக்குள் நுழைந்தது. வாசலில் அக்காவின் கால் நின்றுவிட்டது. மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று ஏலக்காரர் நினைத்தார். பிறகு அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, வேலை சம்பந்தப்பட்ட விஷயமாக உள்ளே போகிறவர் போல் போனார்.

கொன்றை மரத்தடி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி அவர் மடியில் பற்களை வைத்துவிட்டு, அரைவிரல் வாலை உடம்போடு சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பற்களையே பார்த்தபடி இருந்தார். நிமிர்ந்தால் யார் நிற்பார் என்று அவருக்குத் தெரியும். இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. அக்காவின் கணவர்.

அவர் நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

"இடது பக்கம் ரெண்டு போயிருக்கு" என்றார்.

அவர் கன்னத்தில் கைவைத்து மறைத்துக்கொண்டு, "ஆமா" என்றார்.

பஞ்சுமிட்டாய் அம்மாள் வேறூரில் இருக்கும் மகளோடு போய்விட்டாராம். நாயைக் கொண்டுபோனார், இவரைக் கொண்டுபோகவில்லை. சலவைக்கடைக்கு மேல் ஓர் அறை எடுத்திருக்கிறார். கொஞ்ச நாளாகக் காலையில் இங்கே வந்து உட்கார்கிறார். மேஸ்திரி வாசலில் நின்று இழுப்பதும், அக்கா அதைத் திட்டி இழுத்துப்போவதும் பெஞ்சிலிருந்து தெரியும். எழுந்து வரக் கால் வரவில்லை. இதையெல்லாம் அவர் பற்களைப் பார்த்தபடியே சொன்னார். அக்கா அவரை ஒன்றும் கேட்கவில்லை. நாயைத்தான் கேட்டார்: இத்தனை நாளும் தெரிந்துகொண்டே என் சோற்றைத் தின்றுவிட்டு என்னிடம் நடித்தாயா என்று.

மேஸ்திரிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அக்காவின் குதிகாலை மூக்கால் குத்தி பெஞ்சின் பக்கம் ஓட்டியது. பார்த்தால் கண்ணீர் வரும் காட்சிதான். ஆனால் அடுத்த நிமிடம் ஏலக்காரரையும் என்னையும் ஒரு புறாவையும் அதே பெஞ்சுக்கு ஓட்டிச் சேர்த்தது. மேஸ்திரிக்குக் குடும்பம் தெரியாது, கும்பல்தான் தெரியும்.

கழுவினால் போதும், நாய் வாய் சுத்தமானது என்று அக்கா ஏலக்காரருக்கு எடுத்துச் சொன்னார். அவர் ஒரு அரம், ரெண்டு அரம், மூணு அரம் மறுத்தார். காலைக்குள் வேறு செட் செய்து தருவதாக ஒப்பந்தமாயிற்று. அவர் போனதும் கணவர் கேட்டார்.

"வீட்டுக்கு வரட்டுமா?"

"இடமில்ல. உங்க பக்கம் இப்ப மேஸ்திரி படுக்குது."

அவர் தலையை ஆட்டினார். நியாயம் என்று ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது. மேஸ்திரியின் காதைத் தடவிக்கொண்டே, "அப்ப மேஸ்திரியையாவது குடு. தனியா இருக்க முடியல. நான் வாங்கினதுதானே அது" என்றார்.

கயிறு இல்லாததால் அக்கா நாயைக் கழுத்துப்பட்டையில் பிடித்துக் குனிந்தபடியே வீடுவரை வந்தார். வழியில் ஒரு வசவுகூட இல்லை. யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று. இப்போது கேட்டுவிட்டார்கள். கேட்டவரும் நாய்க்கு உரியவர்.

ஏலக்காரர் தன் பல்லை மாட்டிக்கொண்டு போன மறுநாள் காலையே கணவரை வரச் சொல்லி ஆளனுப்பினார் அக்கா. ஒரு பொழுது வைத்துப் பாருங்கள், முடிந்தால் உங்களுக்கே என்று கயிற்றைக் கையில் கொடுத்தார். மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்காமல் துள்ளிக்கொண்டு போனது. அதற்கு வெளியே போவதென்றால் எவன் கயிற்றைப் பிடித்தாலும் ஒன்றுதான்.

என் தலைக்கு மேல் வீடு செத்துக்கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா கீழே இறங்கி வந்தார். ஒரு கையில் யாரோ ஒருவருடைய கீழ்வரிசை, மறுகையில் அரம். சத்தம் உங்களுக்கு ரொம்பத் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்க வந்தேன் என்றார். எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. என் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு, தெருவைப் பார்த்தபடி கடைவாய்ப்பல் ஒன்றை அராவினார். நடுவில் ஒருமுறை அண்ணாந்து என் கூரையைப் பார்த்தார்.

"எங்க வீடு இவ்வளவு அமைதியாவா இருக்கும்?"

நேற்றுவரை இல்லை என்றேன். மறுபடி அராவினார். கையைப் பிடித்துத் தடுக்க எனக்குத் தோன்றியபோது அந்தக் கடைவாய்ப்பல் கூழாங்கல்போல் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. பல்லுக்குச் சொந்தக்காரர் அதை வைத்து எதையும் மென்றிருக்க முடியாது. நினைத்தால் சறுக்கு விளையாடலாம். அதைப் பார்த்து அக்கா சிரிக்கவில்லை. "அங்க எங்க படுக்கும்? அதுக்குத் தலைகாணி வேணும். அவருக்குத் தெரியாது" என்றார்.

மதியத்துக்குள் தெருமுனையில் அவர்கள் தெரிந்தார்கள். முன்னால் மேஸ்திரி, பின்னால் இழுபட்டபடி கணவர். காலில் ஒரு செருப்பு இல்லை. சட்டையில் சேறு. மேஸ்திரி சலவைக்கடைக்குள் புகுந்து இஸ்திரி போடுகிறவர்களை ஒரு மூலையில் சேர்த்து வைத்ததாகவும், துவைத்து வெளுத்த துணிக்குவியலில் எலி தேடியதாகவும், நாயோடு என்றால் அறையைக் காலிசெய்யும்படி கடைக்காரர் சொல்லிவிட்டதாகவும் பிற்பாடு தெரிந்தது. அக்கா நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினார். முழங்கால் வலி என்று தினமும் புலம்புகிறவர். நான் படியருகே வந்து நின்றபோது மேலே பேச்சுக் கேட்டது.

"இதை வச்சுக்கிட்டு நீ எப்படி இருந்தே?"

"எதை?" என்றார் அக்கா. அரம் சாவதானமாக ஓடும் ஓசையும் கேட்டது, நாய் போனதையே கவனிக்காத மாதிரி.

இப்போது மேஸ்திரிக்கு ஒரு சித்தாள் கிடைத்துவிட்டார். கணவர் தினமும் காலையில் வருகிறார். நாயை அழைத்துப்போய் இழுபட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். முதலில் கட்டடத்தின் வாசலில் நின்றார். பிறகு படிக்கட்டு. இப்போது வீட்டு வாசற்படி வரைக்கும் பதவி உயர்ந்திருக்கிறார். அங்கே நின்றபடி தேநீரும் பிஸ்கட்டும். நாற்காலி போடும் உத்தேசம் அக்காவுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதாம்.

ஆனால் பிஸ்கட் அக்காவைத் தொந்தரவு செய்தது. கணவர் எல்லாவற்றையும் வலப்பக்கமாகவே மென்றார். பட்டறையில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் பார்வை அங்கேயே போகும். அந்த ஒற்றைப்பக்க மெல்லலைப் பார்த்தால் எனக்குத் தாடை வலிக்கிறது, வேலை ஓடமாட்டேன் என்கிறது என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். போன வாரம் ஒருநாள், கொஞ்சம் மேலே வந்து நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டார். போனால், கணவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் ஒரு துண்டு.

அச்சு எடுக்கும் பசையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கைப்பிடி வைத்த சின்னத் தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்தினால், சீக்கிரத்தில் ரப்பர்போல் இறுகிவிடும். அதுவரை வாயை அசைக்கக் கூடாது, பேசவும் முடியாது. அக்கா தட்டை அழுத்தி, அவர் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

மேஸ்திரி சோபாவைத் தின்றதிலிருந்து தொடங்கினார். காய்ச்சலில் இழுபட்டது, குடியிருப்போர் கூட்டத்தில் தலைகுனிந்தது, நாய்க்கு வயிற்றுக்கு ஆகாதது எது என்று யாரும் சொல்லிவிட்டுப் போகாததால் அது விடிய விடியக் கக்கியது. ஒன்றுகூட அந்த அம்மாளைப் பற்றி இல்லை. எல்லாம் நாயைப் பற்றித்தான். குரல் உயரவும் இல்லை. வாடிக்கையாளரிடம் பல்லைக் கழுவும் முறையைச் சொல்கிற அதே குரல்.

"நீங்க போன புதுசுல தினம் சாயங்காலம் வாசக்கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். சோறு வச்சா திங்காது. லிஃப்ட் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நாயைச் சொல்றேன்" என்றார்.

கணவர் வாயைத் திறக்க முடியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பிடிக்குள் இருந்த மேஸ்திரிகூட, ஒரு மனிதன் இவ்வளவு நேரம் அசையாமல் இருப்பதைப் பார்த்துத் திகைத்து அடங்கியிருந்தது. கிண்ணத்தில் மிஞ்சிய பசை ரப்பராக இறுகி வெகுநேரமாகியிருந்தது. அக்கா அதைப் பார்த்தார், தட்டை எடுக்கவில்லை. கணவரின் வாயோரத்திலிருந்து எச்சில் வழிந்து மோவாயில் இறங்கியது. காகிதக் கைத்துடைப்புப் பெட்டி பக்கத்து மேசையிலேயே இருந்தது. அக்கா தன் சட்டைக் கையின் நுனியை உள்ளங்கைவரை இழுத்துவிட்டு, அதனால் அவர் மோவாயைத் துடைத்துவிட்டார்.